நிழலில்லா நாளுக்கு ஒரு கல்வட்டம்: நிலக்கலைப் படைப்பை இடம் பார்ப்பதிலிருந்து கலைப்பது வரை

24 அடி விட்டத்தில், சாந்து போடாமல் அடுக்கிய ஓர் அடி உயரக் கல்வட்டம். நடுவே தரைக்கு மேல் 6 அடி நிற்கும் ஒரு கல்தூண். வட்டத்தில் நான்கு இடைவெளிகள். நிலத்தையும் கல்லையும் வெயிலையும் கொண்டே செய்யும் நிலக்கலையாக அமைக்கப்போவது இவ்வளவுதான். ஆண்டுக்கு இருமுறை உச்சிவேளையில் தூணின் நிழல் காணாமல் போகும். ஜூன் 21, டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் காலை வெயில் ஓர் இடைவெளி வழியாக நுழைந்து, தூணின் நிழலை நேர் எதிர் இடைவெளி வழியாக வெளியே தள்ளும். மற்ற நாட்களில் பார்ப்பதற்கு அது தாழ்ந்த ஒரு கல்வரிசை. ஆடு ஏறி நிற்கும்.

இதன் முன்னோடி அமெரிக்காவின் யூட்டா பாலைவெளியில் இருக்கிறது. நான்சி ஹோல்ட் 1973 முதல் 1976 வரை அங்கே 'சன் டனல்ஸ்' என்ற படைப்பை அமைத்தார். 18 அடி நீளமும் 9 அடி விட்டமும் கொண்ட நான்கு கான்கிரீட் குழாய்கள் பெருக்கல் குறிபோல் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 22 டன். ஆண்டின் மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல் ஆகிய இரு நாட்களையும் ஒட்டி, உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் அந்தக் குழாய்களுக்குள் வந்து நிற்கும்.

அதை இங்கே அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது. யூட்டாவில் அந்த இடம் 41 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. அங்கே ஜூன் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 32 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அது 24 டிகிரிதான். அதைவிடப் பெரிய வேறுபாடு இன்னொன்று. யூட்டாவில் சூரியன் ஒரு நாளும் தலைக்கு நேர்மேலே வருவதில்லை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டுமே வரும், அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை. இந்த நிலத்துக்கு மட்டுமே உரிய அந்தப் பொழுதைப் படைப்பின் மையத்தில் வைக்காமல் உதயத்தை மட்டும் பிடித்துக் கட்டினால், வேறோர் ஊரின் நாட்காட்டியை இங்கே மாட்டியதாகத்தான் ஆகும். அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதற்பொருள். நிலக்கலைக்கு அதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

எந்த நாள், எத்தனை மணிக்கு

நிழலில்லா நாள் ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10–11, செப்டம்பர் 1. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28. மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27. கோவையில் ஏப்ரல் 19, ஆகஸ்ட் 24. சென்னையில் ஏப்ரல் 24–25, ஆகஸ்ட் 18. லீப் ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாகும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவரும். குமரியிலும் கோவையிலும் இது பெரிய தொல்லை. ஏப்ரலையே முதன்மை நாளாகக் கொள்ளுங்கள்.

கடிகாரத்தின் 12 மணி உச்சிவேளை அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் உச்சிவேளை 4 நிமிடம் பிந்தும். மதுரைக்கு அந்தக் கணக்கில் 12:18. கோவைக்கு 12:22. சென்னைக்கு 12:09. இதற்கு மேல், பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் ஆண்டு முழுக்க ஒரு முன்பின் உண்டு. பிப்ரவரி நடுவில் அது 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். மதுரையில் பிப்ரவரி 11 அன்று உச்சிவேளை 12:32; நவம்பர் 3 அன்று 12:01. ஏப்ரல் நடுவில் இந்த முன்பின் ஏறக்குறைய சுழியம் என்பதால், மதுரைக்காரர்கள் நிழலில்லா நாளன்று 12:18 என்றே வைத்துக்கொள்ளலாம். கோவையில் அன்று 12:21, சென்னையில் 12:07.

இடம்

கிழக்கிலும் மேற்கிலும் அடிவானம் திறந்திருக்க வேண்டும். நேர்கிழக்குக்கு இருபுறமும் 25 டிகிரி, மேற்கிலும் அவ்வாறே. கையை முழுக்க நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. இரண்டரை முட்டி தூரம் இருபுறமும் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைவில் மலை இருந்தால் விட்டுவிட வேண்டியதில்லை. இந்த அட்சத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுவதால், மலை 5 டிகிரி உயரத்தில் மறைத்தாலும் உதயத் திசை ஒரு டிகிரிதான் தெற்கே நகரும். கிட்டத்தில் நிற்கும் தென்னந்தோப்புதான் உண்மையான இடைஞ்சல். இன்று இடுப்பளவு நிற்கும் கன்று எட்டு ஆண்டில் உதயத்தை மறைத்துவிடும்.

மண்ணில் செம்மண், சரளை மண் இரண்டும் நல்லவை. கரிசலில் கவனம் தேவை. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. தூணை இரண்டே பருவத்தில் சாய்த்துவிடும். கரிசலில்தான் அமைக்க வேண்டுமென்றால் அடியிலுள்ள சுக்கான் என்ற கெட்டிச் சுண்ணாம்புப் படிவு தட்டும்வரை தோண்டிச் சரளையால் நிரப்ப வேண்டும். இரண்டரை அடிக்குள் சுக்கான் தட்டாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

நிலத்தின் சட்ட நிலைமை மண்ணைவிட முக்கியம். பட்டா நிலமாக இருக்க வேண்டும். உங்களுடையது இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். புலப்படத்தில் எல்லையையும் 'அ' பதிவேட்டில் வகைப்பாட்டையும் சரிபாருங்கள். ஏரி, கண்மாய், ஓடை, மேய்க்கால் புறம்போக்கு, காப்புக்காடு எதிலும் ஒரு கல்லைக்கூட நடக்கூடாது. சும்மா கிடக்கிற இடம்தானே என்று தொடங்குவார்கள். அந்த இடம் ஊராரின் ஆடுமாட்டுக்கு மேய்ச்சலாகவோ மழைக்கால நீர்ப்பிடிப்பாகவோ இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை தமிழ் நிலத்துக்கே உரியது. இங்கே கல்வட்டம் என்றால் தொல்லியலில் அது ஓர் ஈமச்சின்னம். இரும்புக்காலத்தவர் இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி நட்டது. கொங்குப் பகுதியிலும் புதுக்கோட்டையிலும் அவை நிறைய உள்ளன. ஊரில் 'பாண்டு குழி' என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் அமைக்காதீர்கள். மண்ணில் வளைந்த வரிசையில் பாதி புதைந்த கற்கள் தெரிந்தாலோ, தடித்த கறுப்புச் சிவப்புப் பானை ஓடு கிடைத்தாலோ வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அத்தகைய இடத்துக் கல்லை எடுத்து அடுக்குவது குற்றம் என்பது ஒருபுறம். மூவாயிரம் ஆண்டுப் படைப்பைக் கலைத்து மூன்று நாளில் ஒன்று செய்வது அசட்டுத்தனம்.

பொருள்

கற்கள்: சுவர் ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம். 24 அடி என்பது உள்விட்டம் என்பதால், சுவரின் நடுக்கோட்டில் சுற்றளவு சுமார் 80 அடி. நான்கு இடைவெளிக்குத் தலா ஒன்றரை அடி கழித்தால் சுமார் 74 அடி. பருமன் 111 கன அடி. கல் விற்பவர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, எடையில் நாலரை டன் அளவு வரும். உருவம் சரியில்லாமல் ஒதுக்குவது கட்டாயம் இருக்கும் என்பதால் ஒன்றேகால் யூனிட் சொல்லுங்கள். கல்லின் அளவு 5 முதல் 8 அங்குல உயரம், 9 முதல் 15 அங்குல நீளம்; சுவரின் குறுக்கே வைக்கும் கற்கள் மட்டும் ஒன்றரை அடி நீளம். உருண்டைக் கல் வேண்டாம், தட்டையான இரு முகமாவது இருக்க வேண்டும். உள்ளே நிரப்பச் சில்லுக்கல் 12 கன அடி தனியாக. அடித்தளத்துக்குச் சரளை 55 கன அடி.

வயலைத் திருத்தும்போது ஓரத்தில் குவித்த கற்கள் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. மண்ணின் நிறமும் கல்லின் நிறமும் ஒத்துப்போகும். லாரி வாடகையும் மிச்சம். ஆனால் புதர்க்காட்டில் பரவிக் கிடக்கும் கல்லைப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஈரமும் பூச்சியும் விதையும் தங்கியிருக்கும். இயற்கையைப் பேச வந்த படைப்பு அதைத்தான் முதலில் அழிக்கும். குவாரியிலிருந்து வாங்கினால் நடைச்சீட்டு (கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாத வண்டியை ஏற்காதீர்கள்.

தூண்: வேலிக்கு விற்கும் கல்லுக்கால் போதும். 8 அடி நீளம், அடியில் 7 அங்குலம், நுனியில் 5 அங்குலம் கனம். 150 கிலோவுக்குக் குறையாது. தூக்க நான்கு பேர் வேண்டும். முறுக்கு இல்லாத கல்லாகப் பாருங்கள். ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் முறுக்கும் வயிற்றுப் புடைப்பும் உடனே தெரியும். நடுவில் புடைத்த தூணுக்கு நிழலில்லா நாளே கிடையாது.

கருவிகள்: கடப்பாரை இரண்டு, மண்வெட்டி, சம்மட்டி, கல் உடைக்கும் சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம், டியூப் லெவல், 50 அடி நாடா, கட்டுக்கம்பி, நூல், முளைக்குச்சி பன்னிரண்டு, சுண்ணாம்புத் தூள். சாந்தில்லாமல் கல் அடுக்கத் தெரிந்த ஒரு கொத்தனாரும் இரண்டு ஆட்களும் இருந்தால் சுவருக்கு மூன்று நாள். சிமென்ட் கட்டு மட்டுமே தெரிந்தவருக்கு முதல் நாள் முழுக்க மனது ஒப்பாது. "நடுவுல கொஞ்சம் கலவை போட்டா கெட்டியா நிக்குமே" என்பார். போடக்கூடாது, ஏன் என்பது சுவர் பகுதியில்.

காலம்: வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் தொடங்குங்கள். மண் தோண்ட இளகியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். ஏப்ரலில் முதல் நிழலில்லா நாள் வருமுன் தூணின் குழி இறுகுவதற்கு இரண்டு மாதம் கிடைக்கும்.

மெய்வடக்கு

கைபேசித் திசைகாட்டியை நம்பாதீர்கள். காந்த வடக்கும் மெய்வடக்கும் இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான் விலகும் என்றாலும், பக்கத்தில் நிற்கும் வண்டியோ கையிலுள்ள கடப்பாரையோ முள்ளைப் பல டிகிரி இழுத்துவிடும். சேலம் கஞ்சமலைபோல் காந்த இரும்புத்தாது உள்ள இடங்களில் அது பயனே தராது.

நிழலையே பயன்படுத்துங்கள். கோயில் கட்டுவோர் சங்கு எனப்படும் குச்சியை நட்டுத் திசை காணும் முறையும் இதுதான். வட்டத்தின் மையத்தில் தரையை மட்டப்படுத்தி, 3 அடி உயர நேரான குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். அதையே மையமாக வைத்து இரண்டரை, மூன்று, மூன்றரை அடி ஆரத்தில் மூன்று வட்டங்கள் கீறுங்கள். ஜனவரியில் காலை ஒன்பதே முக்கால் மணியளவில் நிழல்நுனி மூன்றரை அடி வட்டத்தையொட்டி வரும். அது ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் இடத்தில் ஒரு முளை. பிற்பகலில் நிழல் நீண்டு வெளியேறும்போது மறுபடி தொடும் இடத்தில் இன்னொன்று. ஒரே வட்டத்தின் இரு முளைகளையும் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து குச்சியின் அடிக்கு நூல் பிடித்தால் அது வடக்கு தெற்கு.

மூன்று வட்டம் எதற்கென்றால் சரிபார்க்க. மூன்று நடுப்புள்ளிகளும் குச்சியின் அடியும் ஒரே நூலில் வர வேண்டும். வராவிட்டால் குச்சி சாய்ந்திருக்கிறது, அல்லது தரை மட்டமில்லை. நிழல்நுனி மங்கலாகத் தெரிவது இயல்பு. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் வரும் மங்கல் அது. மங்கலின் நடுவையே காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி எடுங்கள். 3 அடிக் கோட்டில் கால் அங்குலம் பிசகினால் வட்டத்தின் விளிம்பில் அது ஓர் அங்குலமாகும். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம்.

வட்டம் கீறுதல்

வடக்கு தெற்குக் கோட்டை மையத்திலிருந்து இருபுறமும் 15 அடி நீட்டி முளை அடியுங்கள். 6, 8, 10 அடி முக்கோணம் வைத்து அதற்குச் செங்குத்தாகக் கிழக்கு மேற்குக் கோட்டையும் அதே தூரம் நீட்டுங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்கும் இந்த நான்கு முளைகளையும் வேலை முடியும்வரை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூணுக்குக் குழி தோண்டியதும் மைய முளை போய்விடும். எதிரெதிர் முளைகளில் நூல் கட்டி, அவை வெட்டும் புள்ளியில்தான் மையத்தை மறுபடி பிடிக்க முடியும். இதைச் செய்யாமல் குழி தோண்டியவர்கள் வட்டத்தைக் கண்மதிப்பில் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது நடக்காது.

12 அடி ஆரத்தைக் கட்டுக்கம்பியால் பிடியுங்கள். நைலான் கயிறு இழுவைக்கு நீளும், வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாது. சுண்ணாம்புத் தூளால் 12 அடியில் உள்விளிம்பையும் பதின்மூன்றரை அடியில் வெளிவிளிம்பையும் கீறுங்கள்.

இனி இடைவெளிகள். 24 டிகிரி கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. 12 அடி ஆர வட்டத்தில் 24 டிகிரிக்குரிய நாண் சரியாக 5 அடி வரும். 24 அடி விட்டத்தைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். உள்விளிம்பில் நேர்கிழக்குப் புள்ளியில் நாடாவின் நுனியைப் பிடித்து, வடக்கே 5 அடியில் விளிம்பைத் தொடும் இடம் ஜூன் உதயம். தெற்கே 5 அடி டிசம்பர் உதயம். மேற்குப் புள்ளியிலிருந்தும் அப்படியே: வடக்கே ஜூன் அந்தி, தெற்கே டிசம்பர் அந்தி. குமரியிலிருந்து சென்னை வரை இந்த அளவில் அரை டிகிரி வித்தியாசம்கூட இல்லை.

ஜூன் உதயப் புள்ளியிலிருந்து டிசம்பர் அந்திப் புள்ளிக்கு நூல் கட்டினால் அது மையத்தின் மேலேயே போக வேண்டும். மற்ற இரண்டும் அப்படியே. போகாவிட்டால் கிழக்குப் புள்ளியோ மேற்குப் புள்ளியோ பிசகு. ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். நேர்கிழக்கிலும் நேர்மேற்கிலும் இடைவெளி வேண்டாம். மார்ச் 20, செப்டம்பர் 23ஐ ஒட்டிய சமநாட்களின் அடையாளமாக அங்கே மேல்வரியில் ஒரு வெங்கச்சங்கல் வைத்தால் போதும்.

தூண்

சுவருக்கு முன் தூண். 2 அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். அடியில் அரை அடி சரளை கொட்டி இடியுங்கள். தூண் 2 அடி மண்ணுக்குள் போகும். இறக்குமுன் குழியின் அடியில் அந்த ஆண்டு அச்சான நாணயம் ஒன்றைப் போடுங்கள். இது சடங்கல்ல. தமிழ் நிலத்தில் ஒரு கல்வட்டத்தை நூறாண்டு கழித்துத் தோண்டுபவர் அதை ஈமச்சின்னம் என்று எண்ணிவிடக் கூடாது. நாணயம் காலத்தைச் சொல்லிவிடும்.

குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, தூணின் அடியை அதில் சறுக்கி இறக்கி, நுனியில் கயிறு கட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து நிமிர்த்துங்கள். நிமிரும்போது தூண் விழும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. கல் ஆப்புகளால் நிறுத்தி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்களில் தூக்குக்குண்டு பிடியுங்கள். அடியும் நுனியும் வெவ்வேறு கனமாக இருப்பதால் குண்டைத் தூணின் முகத்தோடு ஒட்டிப் பார்த்தால் தவறும். நுனியின் மையத்தையும் அடியின் மையத்தையும் சுண்ணாம்பால் குறித்து, அவை இரண்டும் ஒரே செங்குத்தில் வருமாறு நிறுத்துங்கள். பிறகு அரை அடிக்கு ஒருமுறை சரளையும் மண்ணும் போட்டுக் கடப்பாரையின் பின்முனையால் இடித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பிறகு குண்டு பார்த்துக்கொண்டே நிரப்புங்கள். கடைசியில் மட்டும் பார்த்தால் திருத்த முடியாது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. தூண் ஒரு டிகிரி வடக்கோ தெற்கோ சாய்ந்தால் 6 அடி உயர நுனி ஒன்றேகால் அங்குலம் விலகும். ஏப்ரலில் சூரியன் நாளொன்றுக்கு 0.35 டிகிரிதான் வடக்கே நகர்கிறது. ஆக, அந்த ஒன்றேகால் அங்குலம் நிழலில்லா நாளை மூன்று நாள் தள்ளிவிடும். கிழக்கு மேற்குச் சாய்வு நாளை மாற்றாது, நேரத்தை மாற்றும். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்.

மேலே சிறுத்த தூணுக்கு இன்னொரு குணம் உண்டு. 7 அங்குல அடி, 5 அங்குல நுனி என்றால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்வாங்குகிறது. அதனால் நிழல் ஒரு நாள் மட்டுமல்ல, முன்னும் பின்னும் இரண்டு நாள் தூணின் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். துல்லியம் வேண்டுவோர் ஒரே கனமுள்ள எஃகுக் குழாயை நடலாம். எங்கள் தேர்வு கல்தான். ஐந்து நாள் நிழலில்லாமை வானியலுக்குக் குறை, பார்க்க வருபவருக்கு வரம். ஒரு நாள் மேகம் மூடினாலும் மறுநாள் உண்டு.

தூணுக்குப் பதில் உறை இறக்கிய ஆழக்குழி ஒன்று வெட்டி, சூரியன் உச்சிக்கு வரும் நாளில் மட்டும் அடித்தரை முழுக்க வெளிச்சம் படுமாறு செய்யலாம் என்ற யோசனை பலருக்கு வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் காவல் இல்லாத வெட்டவெளியில் திறந்த குழி வேண்டாம்.

சுவர்

வட்டத்தின் தடத்தில் 2 அடி அகலத்துக்குப் புல்லையும் வேரையும் சேர்த்து 4 அங்குலம் சுரண்டி எடுத்துச் சரளை போட்டு இடியுங்கள். புல்வேரின் மேல் அடுக்கினால் அது மட்கும்போது சுவர் இறங்கும்.

கல்லைப் புரட்டும்போது கையை அடியில் விடாமல் கடப்பாரையால் நெம்புங்கள். திறக்கும் பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். தேள் இருக்கும், சில சமயம் கட்டுவிரியன் இருக்கும்.

முதல் வரிக்குப் பெரிய கற்கள். ஒவ்வொரு கல்லின் நீளமும் சுவரின் உள்ளே போக வேண்டும். அழகாகத் தெரியட்டும் என்று நீளப்பக்கத்தை வெளியே காட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது பார்வைக்குச் சுவர், காலால் தள்ளினால் சரியும் பலகை. உள்முகம், வெளிமுகம் என இரு வரிசையாக வைத்து, நடுவைச் சில்லுக்கல்லால் இறுக்குங்கள். அதை வாரிக் கொட்டக் கூடாது, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மண் போட்டு நிரப்பினால் முதல் மழையில் கரைந்து சுவரின் நடு வெற்றாகும். நான்கடிக்கு ஒரு குறுக்குக் கல், இரு முகத்தையும் பிணைக்குமாறு. இரண்டாம் வரியின் கல், கீழ்வரி இணைப்பை மூட வேண்டும். இடைவெளிகளின் இருபுறமும் உள்ளதிலேயே சதுரமான கற்களை ஒதுக்கி வையுங்கள். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் எடுத்து மறுபடி வையுங்கள். ஆடும் கல்லுக்கு ஆப்பு வைப்பது கடைசி வழி.

சாந்து ஏன் கூடாதென்றால், சாந்திட்ட வட்டம் மழைநீரைத் தேக்கும் தொட்டியாகிவிடும், தூணின் அடி ஊறும். அதோடு சிமென்ட் கட்டு விரிசல் விட்டால் உடைந்த கட்டடமாகத் தெரியும். சரிந்த கல்லடுக்கோ நிலத்தின் இன்னொரு நிலைமை, அவ்வளவுதான். வட்டத்துக்குள் தரை, தூணருகே 2 அங்குலம் உயர்ந்து விளிம்பை நோக்கிச் சரியட்டும். ஆனால் தூணுக்கு வடக்கே 5 அடியும் தெற்கே 2 அடியும் ஓர் அடி அகலத்துக்கு மட்டும் டியூப் லெவல் பிடித்து மட்டமாக வையுங்கள். உச்சிக்கோடு அங்கேதான் வரப்போகிறது.

உச்சிக்கோடு

தூணின் அடியிலிருந்து வடக்கு தெற்காக ஒரு நூல் அகலக் கோடு கீறி, மாதம் இருமுறை உச்சிவேளையில் நிழல்நுனி விழும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் பதியுங்கள். கணக்குப் போட்டு ஒரே நாளில் எல்லாக் கல்லையும் பதித்துவிடலாம்தான். ஆனால் ஓராண்டு வந்து பதிப்பதே இந்தப் படைப்பின் பாதி வேலை. சரிபார்க்க மட்டும் இந்த அளவுகள்: மதுரையை ஒட்டிய ஊர்களில் 6 அடித் தூணுக்கு டிசம்பர் 21 அன்று வடக்கே 3 அடி பதினொன்றரை அங்குலம், சமநாளில் வடக்கே 1 அடி முக்கால் அங்குலம், ஜூன் 21 அன்று தெற்கே 1 அடி 5 அங்குலம். சென்னையில் முறையே 4 அடி 5 அங்குலம், 1 அடி நாலே முக்கால் அங்குலம், தெற்கே 1 அடி 1 அங்குலம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நிழல் தெற்கே விழுவதை முதன்முறை காண்பவர்கள் கோடு தப்பு என்பார்கள். தப்பில்லை, அந்த நாலு மாதமும் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது.

உதயத்தன்று

சூரியனைப் பார்க்காதீர்கள், கைபேசியை அதன்மேல் குவிக்கவும் வேண்டாம். சூரியனுக்கு முதுகு காட்டி எதிர் இடைவெளியைப் பாருங்கள். முதல் வெயில் வரும்போது ஓர் அடிச் சுவரின் நிழல் வட்டத்தின் உள்தரை முழுவதையும் மூடியிருக்கும். இடைவெளி வழியாக மட்டும் ஒன்றரை அடிப் பட்டையாக வெளிச்சம் நுழையும். அதன் நடுவே தூண் நின்று நிழலைப் பின்னால் நீட்ட, நிழலின் இருபுறமும் விரல் நாலைந்து அகலத்தில் மஞ்சள் கோடுகள் எதிர் இடைவெளி வரை ஓடும். சூரியன் இரண்டரை டிகிரி ஏறியதும், அதாவது பத்து நிமிடம்போல, வெயில் சுவருக்கு மேலாகத் தாண்டி உள்தரையில் விழத் தொடங்கும், பட்டை கரைந்துவிடும். அடிவானத்தில் மூடுபனியோ மரமோ இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் பாதி போய்விடும்.

டிசம்பர் 21 அன்று மழை மேகம் இருந்தால் கவலை வேண்டாம். அந்த நாளை ஒட்டி முன்னும் பின்னும் பத்து நாளில் உதயத் திசை மூன்றில் ஒரு டிகிரிதான் மாறும். அது சூரிய வட்டின் அகலத்தைவிடக் குறைவு.

பதிவும் பராமரிப்பும் முடிவும்

1967இல் ரிச்சர்ட் லாங் இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் மீண்டும் மீண்டும் நேராக நடந்து, புல் மடிந்து உண்டான கோட்டைப் படமெடுத்தார். புல் நிமிர்ந்துவிட்டது, படம் இருக்கிறது. வட்டத்துக்கு வெளியே வடக்கே ஒரு முளைக்கல் நட்டு, அதே இடத்தில் அதே உயரத்தில் கேமராவை வைத்து மாதம் ஒரு படம் எடுங்கள். தேதியும் நேரமும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

எதைப் பழுதுபார்ப்பது, எதை விடுவது என்று கட்டும்போதே முடிவுசெய்துவிடுங்கள். ராபர்ட் ஸ்மித்சனின் 'ஸ்பைரல் ஜெட்டி' 1970இல் யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரியில் 6,650 டன் கல்லாலும் மண்ணாலும் 1,500 அடி நீளத்தில் அமைந்த சுருள். சில ஆண்டுகளில் ஏரி உயர்ந்து அதை மூழ்கடித்தது. 2002இல் வறட்சி அதை உப்புப் படிந்து வெளுத்த நிலையில் வெளியே கொண்டுவந்தது. அங்கே ஏரி ஏறி இறங்குவதும் படைப்பில் சேர்த்தி. இங்கே எங்கள் பரிந்துரை: சுவர் சரிந்தால் விடுங்கள், தூண் சாய்ந்தால் நிமிர்த்துங்கள். ஆடு தட்டிய கல்லைத் தினமும் எடுத்து வைத்தால் அது தோட்ட வேலை. தூண் சாய்ந்தாலோ படைப்பு பொய் சொல்லத் தொடங்கும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் குண்டு பிடித்துப் பாருங்கள். சரளையில் முளைக்கும் சீமைக்கருவேலங் கன்றை விரலளவில் பிடுங்கிவிடுங்கள். முழங்கால் உயரம் வந்துவிட்டால் வேர் சுவரைத் தூக்கிவிடும்.

நட்ட கல்லுக்கு யாராவது மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். இந்த மண்ணில் அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் கூரை போடவோ உண்டியல் வைக்கவோ பேச்சு எழுந்தால், நில உரிமையாளரும் ஊர்ப் பெரியவர்களும் முன்னதாகவே அறிந்திருப்பது உதவும். வேலை தொடங்குமுன் ஊரில் நாலு பேரிடம் இது என்ன என்று சொல்லிவிடுவது, பின்னால் பெயர்ப்பலகை வைப்பதைவிடப் பலன் தரும்.

ஆக்னஸ் டெனிஸ் 1982இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நிரப்பிய நிலத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்த படைப்பு அறுவடையோடு முடிந்தது. கல்லுக்கு அறுவடை இல்லாததால் முடிவு நாளை நீங்கள்தான் குறிக்க வேண்டும். நிலம் கைமாறும்போது அல்லது குறித்த ஆண்டுக்குப் பின். முதலில் உச்சிக்கோட்டுக் கற்களை எடுங்கள், பிறகு மேல்வரி, பிறகு கீழ்வரி. தூணைச் சாய்க்க மண்ணைத் தோண்டிச் சரிவு வெட்டுங்கள். இழுத்துச் சாய்த்தால் கல் முறியும். கல்லை அதே நிலத்தின் வரப்புக்கோ கிணற்றுச் சுற்றுக்கோ கொடுங்கள், சரளையை வண்டிப்பாதையில் பரப்புங்கள். குழியை மூடி மேல்மண் போட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு மழைக்குள் புல் பிடித்துவிடும். நாணயத்தை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.